தங்கச்சியின் கமராவில் தூசு இல்லை

என் தங்கச்சியின் கமராவுக்குள் ஒருநாளும் தூசு விழுவதில்லை. இதை நான் சந்தோசமாகச் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே தொழில், ஒரே ஊர், ஒரே கடற்காற்று. அவள் எடுக்கிற படம் கழுவித் துடைத்த பீங்கான் மாதிரி இருக்கும். என்னுடையதில் மட்டும் வலப்பக்க மேல் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி நிற்கும். யார் வீட்டுக் கலியாணம் என்றாலும் அழைப்பில்லாமல் முதல் ஆளாக வந்துவிடும்.

எங்கள் ஊரான சாய்ந்தமருதில் கலியாணம் என்றால் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. பெண்கள் பக்கத்துக்குப் படமெடுக்க ஆண் வர முடியாது. மணப்பெண் பர்தா இல்லாமல், தலைநகை தெரிய, மேடையில் உட்கார்ந்திருப்பாள். சுற்றி நிற்கிற மாமிமார், சாச்சிமார் எல்லோரும் அப்படித்தான். அதைப் படமெடுக்க ஒரு பெண்தான் வேண்டும். நீண்ட காலம் அந்தப் பெண் நான் மட்டும்தான். 'போட்டோ ராத்தா', அதாவது போட்டோ அக்கா, என்றால் கல்முனையில் தெரியும், வரிப்பத்தான்சேனையிலும் தெரியும். அறுவடைக் காலத்தில் வரிப்பத்தான்சேனைப் பக்கம் கலியாணத்துக்குப் போய்வந்தால் நெல் வெட்டும் மெஷின் கிளப்பிய தூசு தலைமுடி வரை ஏறியிருக்கும். மணப்பெண்ணின் அறைக்குள் போனால் முகப்பவுடர் புகையாய்ப் பறக்கும். உடுப்பில் இருந்து உதிர்கிற மினுக்கம் என் கைவிரலில் ஒட்டும், விரலில் இருந்து லென்ஸுக்குப் போகும். போதாததற்கு ஒரு பெரியம்மா சாம்பிராணிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் முகத்துக்கு நேரே வருவார். இவ்வளவையும் பட்டுத்தான் அந்தப் பேரை எடுத்தேன்.

பிறகு தங்கச்சி ஒரு கமராவோடு வந்தாள். அவளுடைய புருசன் டுபாயில் இருந்து கொண்டு வந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே பழகிவிட்டாள். ஆரம்பத்தில் என்னிடமும் சொல்லித்தரக் கேட்டாள். தலையிடி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். யாராவது கடைக்கு முன்னால் இன்னொரு கடை போடக் கல் எடுத்துக் கொடுப்பார்களா?

எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் வழக்கம். அதனால் வாப்பா வளவை இரண்டாகப் பிரித்து, முன்பக்கத்தில் எனக்கும் பின்பக்கத்தில் தங்கச்சிக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். முன்பக்கம் கிடைத்தவள் கொடுத்து வைத்தவள் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். முன்பக்கம் என்றால் பெருவீதி. பஸ் போகும், லொறி போகும், மணல் ஏற்றிய டிரக்டர் போகும். காலையில் கூட்டிய விறாந்தையில் பகலைக்கு விரலால் பேர் எழுதலாம். தங்கச்சியின் வீடு எனக்குப் பின்னால், என் சுவரின் மறைவில், ஒரு பொட்டு மணல் படாமல் இருக்கிறது. அறைக்கு ஏசி வேறு. கடைசிப் பிள்ளையோடுதான் தாய் இருப்பது என்ற முறையில் உம்மாவும் அங்கேதான். ஏசியும் அவளுக்கு, உம்மாவும் அவளுக்கு, வீதித் தூசு முழுக்க எனக்கு.

அவளுடைய கமரா இருப்பது ஒரு கண்ணாடிக் கதவு வைத்த சின்னப் பெட்டியில். உள்ளே நீல வெளிச்சம் எரியும். ஈரம் எவ்வளவு என்று இலக்கத்தில் காட்டும். முதல் தடவை கண்டபோது, "இதென்ன, மருந்துக்கட பிரிட்ஜா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் வீட்டுக்கு வந்து என் கமராவைப் பார்த்தேன். அது ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தது. புதுச் சப்பாத்து வாங்கும்போது பெட்டிக்குள் கிடக்கிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து அதற்குள் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்குவரை அந்த டின் எனக்குப் போதுமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அதைத் திறக்கும்போதெல்லாம் எரிச்சல் வந்தது.

நான் துடைக்காதவள் இல்லை. வெளிப்பக்கத்தை நனைத்துப் பிழிந்த துணியால் துடைப்பேன். பொத்தான்களுக்கு இடையில் பல் தூரிகை போடுவேன். லென்ஸுக்கு மெல்லிய தூரிகை, அதற்கென்று புதிதாய் வாங்கியது. ஆனால் உள்ளே மட்டும் கை வைக்கமாட்டேன். லென்ஸைக் கழற்றினால் தெரிகிற அந்தப் பளபளப்பான சதுரத்தை சென்சர் என்பார்கள், படம் விழுகிற இடம் அதுதான். கட்டாரில் இருந்து அந்தக் கமராவை அனுப்பிய என் புருசன் போனில் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: உள்ளே தொட்டால் கமரா போச்சு. ஆகவே புள்ளி உள்ளேயே குடியிருந்தது. ஒவ்வொரு கலியாணத்துக்குப் பிறகும் லெப்டொப்பில் உட்கார்ந்து, படம் படமாக அந்தப் புள்ளியை அழிப்பேன். கண் எரியும். நான் பாதி அழிப்பதற்குள் தங்கச்சி எடுத்த கலியாணத்தின் ஆல்பம் வீட்டுக்கு வீடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இப்படியிருக்கும்போதுதான் எங்கள் அண்ணன் காக்காவின் மகளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறையின் முதல் கலியாணம். படம் யார் எடுப்பது? எனக்கு இது சின்ன விசயம் இல்லை. சொந்தக் காக்காவே மூத்தவளை விட்டுவிட்டு இளையவளைக் கூப்பிட்டால், அதற்குப் பிறகு இந்த ஊரில் எந்த வீட்டுக்காரி என்னைக் கூப்பிடுவாள்? என் தொழிலின் ஹயாத்தே, உயிரே, அந்தக் கலியாணத்தில் இருந்தது.

காக்கா யாரோடும் முகம் முறிக்காத மனிதர். "மருதோண்டிக்கு மூத்தவ எடுக்கட்டும். கலியாணத்தண்டைக்கு யாரெண்டு பொறகு பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரைக் குடித்தார். கலியாணத்துக்கு முந்திய நாட்களில் மணப்பெண்ணுக்குக் கையில் மருதோன்றி இடுகிற சடங்கு அது. அந்தப் 'பொறகு' என்ன என்று எனக்குத் தெரியாதா? அது பரீட்சை. மருதோன்றிப் படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். அந்தப் புள்ளியோடு நான் அங்கே போக முடியாது.

அப்போதுதான் மதிலுக்கு மேலால் ஒரு காட்சியைக் கண்டேன். உடுப்புக் காயப்போட நின்றவள், சும்மா எட்டிப் பார்த்தேன். (சும்மா இல்லை. தினமும் பார்ப்பேன்.) தங்கச்சியின் விறாந்தை மேசையில் அவளுடைய கமரா இருக்கிறது. அதற்கு முன்னால் உம்மா கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். உதடு அசைகிறது. கடைசியில் குனிந்து மெதுவாக ஊதுகிறார்.

உம்மா குர்ஆன் ஓதி ஊதாத பொருள் எங்கள் குடும்பத்தில் இல்லை. சோதனைக்குப் போகிற பிள்ளையின் பேனைக்கு ஊதுவார். காக்கா மோட்டார் சைக்கிள் எடுத்தபோது அதைச் சுற்றிவந்து ஊதினார். அழுகிற குழந்தை, காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற தண்ணீர், புதுப் படகின் இயந்திரம், எல்லாவற்றுக்கும் உம்மாவின் மூச்சுப் பட்டிருக்கிறது. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. ஏசியும் நீல வெளிச்சமும் சும்மா. தங்கச்சியின் கமரா சுத்தமாக இருப்பது உம்மாவின் ஓதலால். ஒரே வயிற்றில் பிறந்த எனக்கு ஒரு ஊதல்கூட இல்லை. ஈர உடுப்பை உதறாமலே கொடியில் எறிந்துவிட்டு உள்ளே போனேன்.

மருதோன்றி நாள் காலையில், தங்கச்சி கல்முனைச் சந்தைக்குப் போகும்வரை காத்திருந்து, கமராவைத் தூக்கிக்கொண்டு உம்மாவிடம் போனேன். உம்மா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"உம்மா, இதுக்கும் ஒருக்கா ஓதி ஊதுங்க."

"இதுக்கென்ன வந்த?"

"கண்ணூறு பட்டுக் கிடக்கு. எடுக்கிற படமெல்லாம் ஒரே புள்ளி."

உம்மா எழும்பினார். வெற்றிலையைத் துப்பி, வாய் கொப்பளித்து, தொழுகைக்குப் போல முகம் கை கால் கழுவி உளூச் செய்துகொண்டு வந்தார். கமராவை மடியில் வைத்து நெடுநேரம் ஓதினார். ஓதி முடித்துக் கமராவின் முதுகில் ஊதப் போனார். நான் தடுத்தேன்.

"வெளியால ஊதி வேலையில்ல உம்மா. புள்ளி உள்ளுக்குத்தான் இரிக்கி." லென்ஸைக் கழற்றிச் சென்சரைத் திறந்து காட்டினேன். "இதுக்குள்ள ஊதுங்க."

"இதுக்குள்ளயா? ஒண்டும் ஆகாதா புள்ள?"

"உங்கட ஓதல் பட்டா என்ன ஆகப்போற?"

உம்மா பிஸ்மி சொல்லி, கமராவை முகத்துக்குக் கிட்ட எடுத்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி மூன்று தரம் ஊதினார். நல்ல நிறைவான ஊதல். நான் லென்ஸைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒரு படம் எடுத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் உம்மா ஓதியதைச் சரியா பிழையா என்று சோதிப்பது எனக்கு முறையாகப் படவில்லை.

அன்று பின்னேரம் காக்கா வீட்டில் மருதோன்றி. காக்காவின் மகளை, என் மருமகளை, வெள்ளைச் சீலை கட்டிய சுவருக்கு முன்னால் இருத்தியிருந்தார்கள். நான் நிறுத்தாமல் எடுத்தேன். கமராவின் குட்டித் திரையில் எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. தங்கச்சி அன்றைக்கு வெறும் கையோடு வந்திருந்தாள். கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்: "ராத்தா, பின்னால வெள்ளச் சீல. ஒரு படத்தப் பெருசாக்கிப் பாத்திட்டு எடுங்க."

"எனக்குத் தெரியும்" என்றேன். நாக்கில் இன்னும் இரண்டு வார்த்தை இருந்தது, சபை கருதி விழுங்கினேன்.

மறுநாள் படங்களைக் கொண்டுபோய் காக்கா வீட்டு டிவியில் போட்டேன். ஆண்கள் யாரும் இல்லை. காக்காவின் மனைவி மதினி, மதினியின் ராத்தாமார், மருமகள், தங்கச்சி எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் படம் வந்தது. வெள்ளைச் சீலையில், மருமகளின் தலைக்கு மேலே, சாம்பல் வட்டங்கள். பழைய புள்ளி தன் இடத்தில் இருந்தது. அதைச் சுற்றிப் பெரிதும் சிறிதுமாகப் புதுக் குடும்பமே வந்து இறங்கியிருந்தது. அடுத்த படம் போட்டேன், அதிலும் அதே. அதற்கடுத்ததில் ஒரு வட்டம் நேரே மருமகளின் கன்னத்தில்.

"இதென்ன மச்சி, சீலையில பூஞ்சணமா?" என்று மதினி கேட்டார்.

"சீலைய நேத்துத்தான் தோச்ச" என்றார் மதினியின் ராத்தா ஒருவர். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை. தங்கச்சி மட்டும் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மருமகள் பாயில் நகர்ந்து வந்து, மருதோன்றி சிவந்த கையால் என் கையைப் பிடித்தாள். "பெரிய மாமி, கலியாணத்தண்டைக்கு நீங்க என்னோட மேடையில நில்லுங்க. எல்லாக் கலியாணத்திலயும் நீங்க கமராக்குப் பின்னாலதான். என்ட கலியாணத்தில சின்ன மாமி எடுக்கட்டும்."

முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன். இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் என்ன செய்வது? "சரி மகள்" என்றேன்.

அன்று பின்னேரம் அசர்த் தொழுகைக்குப் பிறகு தங்கச்சி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "கமராவக் கொண்டாங்க ராத்தா, பாப்பம்." கொடுத்தேன். நம்பிக் கொடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அவளாலும் முடியாது என்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டுக் கொடுத்தேன்.

பின்னாலேயே அவளுடைய ஏசி அறைக்குப் போனேன். அவள் வேலை செய்வதைக் கிட்ட இருந்து பார்த்தது அன்றைக்குத்தான். ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தினாள். யன்னலைச் சாத்தினாள். மேசையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டாள். சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, முடியை இறுக்கிக் கட்டினாள். லென்ஸைக் கழற்றிக் கமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு, ஒரு ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி உள்ளே காற்றடித்தாள். "கீழ பாக்கப் பிடிச்சாத்தான் தூசு வெளிய விழும். மேல பாத்தா திரும்பவும் உள்ளுக்குத்தான் போகும்." பிறகு டோர்ச் அடித்துப் பார்த்தாள். "படத்தில மேல தெரியிற புள்ளி இதுல கீழ இரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே தேடியவள், நிமிர்ந்தாள்.

"ராத்தா, இது தூசில்ல. எச்சில். செவப்பா வேற இரிக்கி. யாரு இதுக்குள்ள ஊதின?"

நான் சுவரைப் பார்த்தேன். உம்மா வாசற்படியில் நின்றிருந்தார். "நான்தான். ஓதி ஊதின" என்றார், ஒளிக்காமல்.

"உம்மா, இதுக்குள்ள மனிசர்ட மூச்சே படப்படாது."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன், உன்ட கமராக்கு மட்டும் படலாமா? உம்மா ஊதினத நான் மதிலால கண்ட."

உம்மா யோசித்துப் பார்த்தார். "அது இவட தலையிடிக்குத் தண்ணி ஓதின, மகள். தண்ணிக் கிளாஸ் மேசையில இருந்த. இவட கமராவ நான் தொட்டதே இல்ல. கிட்டப் போனாலே, தள்ளி நில்லுங்க உம்மா, வெத்திலத் தூள் விழும் எண்டுவா." என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "என்ட ஓதலக் கேட்டுக் கமராவத் தூக்கிட்டு வந்தவ நீ ஒருத்திதான்."

தங்கச்சி டோர்ச்சை அணைத்து வைத்தாள். "நான் கேக்காட்டியும் எனக்கு ஊதணுமெண்டு உங்களுக்குத் தோணல்லதானே உம்மா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அவளோடு பிறந்தவள், எனக்குத் தெரியும் அது என்ன குரல் என்று. என்னுடைய குரல் அது. ஏசி அறையில், நீல வெளிச்சப் பெட்டிக்குப் பக்கத்தில், என் தங்கச்சி என்னைப் பார்த்து எரிகிறாள். எனக்கு அது வட்டிலப்பம் மாதிரி இனித்தது.

அந்த இனிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. அவள் ஒரு உறையைக் கிழித்து, நுனியில் துணி சுற்றிய சின்னத் தடி ஒன்றை எடுத்தாள். அதில் ஏதோ ஒரு துளி விட்டு, சென்சரின் ஒரு கரையில் வைத்து மறுகரை வரை ஒரே இழுப்பாக இழுத்தாள். தடியைத் திருப்பி மறுபடி ஒரு இழுப்பு. அழுத்தவும் இல்லை, நடுங்கவும் இல்லை. லென்ஸைப் பூட்டி வெள்ளைச் சுவரைப் படமெடுத்து என்னிடம் நீட்டினாள். உம்மா ஊதியது போயிருந்தது. பழைய புள்ளியும் போயிருந்தது. வருசக்கணக்காய் நான் கண்ணெரியப் படம் படமாக அழித்த புள்ளி.

"இப்ப சுத்தம்தானே" என்றேன். "கலியாணத்துக்கு நானே எடுக்கிறனே." கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டேன், வெட்கத்தை விட்டு.

"புள்ள சொல்லிட்டாவே ராத்தா. நான் என்ன செய்ற" என்றாள். அவளுக்கு அதில் கவலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

கலியாணத்தன்று புதுச் சாரி உடுத்து மேடையில் நின்றேன். எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள் இருந்து பெண்கள், "இஞ்சால ஒண்டு எடுங்க, எங்களையும் ஒண்டு எடுங்க" என்று கூப்பிடுகிறார்கள். என்னைக் கூப்பிட்ட வாய்கள் அவை. இப்போது அவளைக் கூப்பிட்டன. அவள் குனிவாள், சாய்வாள், யாரோ ஒருத்தியின் தோளில் கைவைத்து நகர்த்துவாள், மண்டபமே அவள் சொன்னபடி நகர்ந்தது. முகப்பவுடர் பறந்தது, சாம்பிராணி புகைந்தது. லென்ஸ் மாற்ற வேண்டியபோது ஒரு ஓரத்துக்குப் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி, நொடியில் மாற்றிக்கொண்டு வந்தாள். ஏதாவது ஒரு தூசு, ஒரே ஒரு தூசு அதற்குள் போகட்டும் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "ராத்தா, இஞ்ச பாருங்க" என்றாள். பார்த்தேன்.

ஆல்பம் வந்தபோது மதினி பெண்களை மட்டும் உள்ளறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். பாதியில் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். நடுவில் மருமகள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். உம்மா குனிந்து அவளுடைய சீலை மடிப்பைச் சரிசெய்கிறார். இந்தப் பக்கம் நான். என் உதடு சிரிக்கிறது. கண் சிரிக்கவில்லை. கண், கமராவைப் பிடித்திருந்த கைகளைப் பார்க்கிறது. எப்படிப் பார்க்கிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. எழுத்து வாசிக்கத் தெரியாதவளும் அதை வாசிப்பாள். படத்தில் ஒரு பொட்டுத் தூசு இல்லை, மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. மதினி என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டினார்.

நேரே தங்கச்சியிடம் போனேன். "வேற படமே கிடைக்கல்லையா உனக்கு? அத ஏன் வைச்ச?"

"வேறயும் நிறைய இருந்த" என்றாள். "எல்லாத்திலயும் நீங்க போட்டோக்குச் சிரிக்கிறீங்க ராத்தா."

இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. பிறகு மதினியிடம் ஏதோ சாக்குச் சொல்லி ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திறந்தேன். திட்டுவதற்குக் குறை தேடித்தான் திறந்தேன். வெளிச்சம் விழுந்த இடம், மூன்று பேர் நின்ற விதம், அந்த நொடி, ஒன்றிலும் குறை இல்லை. தொழில்காரியிடம் பொய் சொல்ல முடியாது, அது நானே என்றாலும். அந்த ஆல்பத்திலேயே ஆக நல்ல படம் அதுதான். ஊரில் உள்ள மணப்பெண்களை எல்லாம் எடுத்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை நான் ஒருநாளும் எடுத்ததில்லை.